சுத்தியலும் விளக்கும்

நுழையும்முன்

இதயத் தமனியில் ஏற்பட்ட அடைப்பை விலக்கி, அவ்விடத்தில் ‘ஸ்டென்ட்’ என்னும் உலோக வலைக்குழலைப் பொருத்துவது இன்று பலரும் அறிந்த மருத்துவ முறையாகும். அவ்வாறு பொருத்திய இடமே மீண்டும் சுருங்கினால் என்ன செய்வது? அச்சுருக்கத்தின் காரணத்தை அறிவதற்காக மருத்துவ உலகம் ஒலியையும் ஒளியையும் குருதிக்குழாயின் உள்ளேயே அனுப்பியது. அந்த அறிவியல் வரலாற்றை, நீலகிரி மலை இருப்புப்பாதையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவரின் வாழ்வோடு சேர்த்துச் சொல்கிறது இக்கட்டுரை.

பாதையைத் தட்டிப் பார்த்தவர்

கல்லாற்றைக் கடந்ததும் நீலகிரி மலைத் தொடர்வண்டியின் ஓசை மாறிவிடுகிறது. அதுவரை சமவெளியில் உருண்டு வந்த வண்டி, அங்கிருந்து குன்னூர் வரை மலையைப் பற்றிப் பிடித்து ஏறத் தொடங்குகிறது. தண்டவாளங்கள் இரண்டிற்கும் நடுவே பதிக்கப்பட்ட பற்சட்டங்களை எஞ்சினின் பற்சக்கரங்கள் கவ்விக்கொள்ள, பன்னிரண்டு அடிக்கு ஓரடி என்னும் கடும் ஏற்றத்தை வண்டி மெல்லக் கடக்கிறது. மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரையிலான பாதை 1899ஆம் ஆண்டிலும், உதகை வரையிலான நீட்சி 1908ஆம் ஆண்டிலும் பயன்பாட்டிற்கு வந்தன. 46 கிலோமீட்டர் நீளம், 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 குகைகள். 2005ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாகிய அப்பாதையைச் சுற்றுலா வருவோர் சன்னல் வழியே பார்த்து வியக்கின்றனர். அதை நாள்தோறும் காலால் நடந்து பார்த்தவர்கள் வேறு சிலர்.

அவர்களுள் ஒருவர் இம்முதியவர். ‘கீமேன்’ என்று இருப்புப்பாதைத் தொழிலாளர் வழங்கும் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர். ஹில்குரோவுக்கும் ரன்னிமேட்டுக்கும் இடையில் தமக்கென ஒதுக்கப்பட்ட தொலைவை, காலை வண்டி ஏறி வருவதற்குள் நடந்து பார்த்துவிட வேண்டும். தோளில் நீண்ட பிடியுடைய சுத்தியல். ஒரு கையில் திருகுசாவி. இடுப்பில் செருகிய சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியும். குகைக்குள் நுழையும்போது விளக்கு. தளர்ந்த ஆணிகளை இறுக்குவார். பெயர்ந்த கற்களை அகற்றுவார். பாறைச் சுவரைச் சுத்தியலால் தட்டி, எழும் ஓசையைக் காது கொடுத்துக் கேட்பார். கெட்டிப்பட்ட பாறை ‘டங்’ என்னும். பின்னால் பொள்ளலாகிய பாறை ‘பொத்’ என்னும். அவ்வேறுபாட்டை அறிய அவருக்குப் பள்ளிப்படிப்பு தேவைப்படவில்லை.

“எதிர் மலையில் நின்று பார்த்தால் எல்லாக் குகையும் நல்ல குகைதான்” என்று அவர் தம் பேத்தியிடம் அடிக்கடி கூறுவார். “உள்ளே போய்த் தட்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.”

மீண்டும் வந்த வலி

ஓய்வுபெற்றபின் அவர் காட்டேரிக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய சிறிய வீட்டில் மகள் குடும்பத்தோடு வாழ்ந்துவந்தார். வீட்டிலிருந்து சாலைக்கு வர நூறு படிகளுக்கு மேல் ஏற வேண்டும். சமவெளியில் வாழ்வோர்க்கு நெஞ்சின் நலத்தைச் சோதிக்க மருத்துவமனையில் நடைப்பொறி தேவைப்படுகிறது. மலைவாழ்வோர்க்குப் பால் வாங்கச் செல்வதே ஒரு சோதனை. ஒருநாள் அப்படிகளின் பாதியில் நெஞ்சை யாரோ மிதிப்பதுபோல் இறுக்கம் ஏற்பட்டு அவர் அமர்ந்துவிட்டார். கோயம்புத்தூருக்கு அழைத்துச் சென்றனர். இதயத் தமனி ஒன்றில் பெரும் அடைப்பு இருந்தது. ஸ்டென்ட் பொருத்தினர். நான்காம் நாள் வீடு திரும்பினார். சில வாரங்களில் படிகளை நிற்காமல் ஏறினார்.

பத்து மாதங்கள் கழிந்தன. அதே படிகள், அதே இடம், அதே இறுக்கம்.

இம்முறை வலியைவிடச் சொற்கள் அவரை அதிகம் வருத்தின. “மாத்திரையை ஒழுங்காகப் போட்டிருந்தால் இப்படி ஆகுமா?” என்றார் அண்டை வீட்டார் ஒருவர். “மறைவாகப் பீடி பிடித்திருப்பார்” என்றார் மற்றொருவர். பீடியை அவர் விட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. மாத்திரைகளை ஒரு வேளையும் தவறவிட்டதில்லை. பேத்தி நாட்காட்டியில் நாள்தோறும் குறித்துவந்தாள். இருந்தும் தம்மிடம்தான் ஏதோ பிழை இருக்கிறது என்று அவர் நம்பத் தொடங்கினார். “இரும்பை வைத்தும் சுருங்குகிறது என்றால், இந்த நெஞ்சு இனி எதையும் ஏற்காது. என்னை விட்டுவிடுங்கள்” என்றார்.

பதினோராம் வகுப்பில் பயிலும் பேத்தி அவரருகே வந்து அமர்ந்தாள். “தாத்தா, ஒருமுறை சரிசெய்த இடத்திலேயே மறுபடியும் மண் சரிந்தால் பாதையை அப்படியே விட்டுவிடுவீர்களா?”

“அது எப்படி? ஏன் சரிந்தது என்று முதலில் பார்ப்போம்.”

“அதைத்தான் தாத்தா நானும் கேட்கிறேன்.”

முதியவர் மறுமொழி கூறவில்லை. மறுநாள் காலை கோயம்புத்தூர் செல்லும் பேருந்தில் அவளருகே அமர்ந்திருந்தார்.

நிழல் காட்டாத உண்மை

இதயம் உடல் முழுவதற்கும் குருதியை அனுப்புகிறது. ஆயினும் தனக்கு வேண்டிய குருதியைத் தன் மேற்பரப்பில் படர்ந்துள்ள தமனிகள் வழியாகவே அது பெறுகிறது. அத்தமனிகளின் முதன்மைக் கிளைகள்கூடப் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் விட்டமே உடையவை. மூன்று மி.மீ. விட்டமுள்ள குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ 7 சதுர மி.மீ. விட்டம் இரண்டு மி.மீ. ஆகக் குறைந்தால் பரப்பு 3 சதுர மி.மீ. அளவிற்கு இறங்கிவிடும். இயற்பியலில் பயிலும் பாய்சொய் விதிப்படி, சீரான குழாயில் பாயும் நீர்மத்தின் அளவு விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. விட்டம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் பாய்வு ஐந்தில் ஒரு பங்காகிவிடும். வளைந்தும் துடித்தும் கிளைத்தும் செல்லும் தமனிக்கு இவ்விதி அப்படியே பொருந்தாது. எனினும் ஒரு மில்லிமீட்டர் இழப்பு எத்துணைப் பெரிது என்பதை அது உணர்த்திவிடுகிறது.

இவ்விழப்பைக் காட்டும் வழக்கமான கருவி ஆஞ்சியோகிராம். கதீட்டர் என்னும் நுண்குழாய் வழியே எக்ஸ் கதிரைத் தடுக்கும் சாயத்தைத் தமனிக்குள் செலுத்திப் படம் பிடிக்கின்றனர். சாயம் நிறைந்த வழி கருமையாகத் தெரிகிறது. அடைப்புள்ள இடம் மெலிந்து தெரிகிறது. எண்ணற்ற உயிர்களைக் காத்த கருவி அது. ஆனால் அது காட்டுவது நிழலை மட்டுமே. சுவரில் விழும் நிழலைக்கொண்டு கையிலிருப்பது உருண்டையா தட்டா என்று சொல்ல முடியாததுபோல, தமனியின் நிழலைக்கொண்டு அதன் உள்வெளி வட்டமா நீள்வட்டமா என்று எப்போதும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. சுவரின் தடிப்பு, அதனுள் படிந்த பொருளின் தன்மை, பொருத்திய வலை சுவரோடு ஒட்டியிருக்கிறதா என்பன நிழலில் தெளிவாகப் புலப்படா. எதிர் மலையில் நின்று குகையைப் பார்ப்பது போன்றது அது.

பலூனிலிருந்து வலைக்கு

1977ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள், சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்சிக் என்னும் மருத்துவர், சுருங்கிய இதயத் தமனிக்குள் சிறு பலூனைச் செலுத்தி விரித்து வழி உண்டாக்கினார். நெஞ்சைத் திறக்காமல் செய்யப்பட்ட முதல் இதயத் தமனிச் சீரமைப்பு அது. அதற்கான தொடக்ககாலப் பலூன்களை அவர் தம் வீட்டுச் சமையலறை மேசையில் வைத்தே உருவாக்கினார். அவரிடம் பயின்ற மேத்யூ சாமுவேல் களரிக்கல் 1986இல் இம்முறையை இந்தியாவில் முதன்முதலாகச் செய்தார். பின்னர் நெடுங்காலம் சென்னையில் பணியாற்றிப் பல மருத்துவர்களுக்கு அதைக் கற்பித்தார். அதற்கு முன்பே, 1975இல், சென்னை பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் இதயத் தமனி மாற்றுவழி அறுவையைச் செய்திருந்தார். இதய மருத்துவ வரலாற்றில் தமிழகத்திற்கும் அதன் இருப்புப்பாதைத் தொழிலாளர் மருத்துவமனைக்கும் இவ்வாறு ஓரிடம் உண்டு.

பலூன் வழியைத் திறந்தது. ஆனால் திறந்தபடியே வைத்திருக்க அதனால் இயலவில்லை. சிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு முப்பது நாற்பது பேருக்குச் சில மாதங்களிலேயே அவ்விடம் மீண்டும் சுருங்கியது. மருத்துவர்கள் இதனை ‘மீள்சுருக்கம்’ என்றனர். திறந்த வழியைத் தாங்கி நிறுத்த ஒரு முட்டு வேண்டும் என்று கருதி, 1986இல் பிரான்சில் ஜாக் புவெல், சுவிட்சர்லாந்தில் உல்ரிக் சிக்வார்ட் ஆகியோர் மனித இதயத் தமனியில் முதன்முதலாக ஸ்டென்ட்டைப் பொருத்தினர். மலைச்சரிவில் பாதையை வெட்டியவர்கள் மண் சரியாமலிருக்கத் தடுப்புச்சுவர் எழுப்பியதுபோன்ற செயல் அது. ஆயினும் வெறும் உலோக வலை பொருத்தப்பட்டவர்களிலும் நூற்றுக்கு இருபது முதல் முப்பது பேர் வரை மீள்சுருக்கத்திற்கு ஆளாயினர்.

ஏன்? வெளியிலிருந்து விழும் நிழலால் இவ்வினாவிற்கு விடை கூற முடியவில்லை.

உள்ளே சென்ற ஒலி

சுத்தியல் தட்டிய ஓசை பாறையின் உட்புறத்தைச் சொல்வதுபோல, செவிக்குப் புலப்படாத மீயொலி திசுக்களில் பட்டுத் திரும்பி அவற்றின் இயல்பைச் சொல்கிறது. கருவில் உள்ள குழந்தையைப் பார்க்கப் பயன்படும் அதே ஒலிதான். அதனைக் குழாயின் நுனியில் பொருத்தி உடலுக்குள்ளேயே அனுப்பும் முயற்சியில் 1970களின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் நிக்கோலாஸ் போம் ஈடுபட்டார். 1980களில் அமெரிக்காவின் பால் யாக் முதலியோர் அக்கருவியை இதயத் தமனிக்குள் நுழையும் அளவிற்குச் சிறிதாக்கினர்.

ஏறத்தாழ ஒரு மி.மீ. தடிமனுள்ள அக்குழாயைச் சுருக்கத்திற்கு அப்பால் வரை செலுத்தி, சீரான வேகத்தில் பின்னோக்கி இழுக்கின்றனர். வழி நெடுகிலும் அது ஒலியை எழுப்பி எதிரொலியைப் பெறுகிறது. வெட்டிய மரத்தின் வளையங்களைப் போலத் தமனிச் சுவரின் அடுக்குகள் ஒவ்வொன்றாகத் திரையில் தோன்றுகின்றன. உலோக வலையின் கம்பிகள் ஒளிரும் புள்ளிகளாகத் தெரிகின்றன. கால்சியம் படிந்த இடம் வெண்மையான வில்லாகத் தோன்றும். ஒலி அதனை ஊடுருவ இயலாமையால் அதன் பின்புறம் இருண்டிருக்கும்.

இக்கருவி பழைய நம்பிக்கைகள் இரண்டைத் திருத்தியது.

பலூனுக்குப் பின் நேரும் மீள்சுருக்கத்திற்குத் தமனியின் உட்புறம் வளரும் புதுத்திசுவே முதன்மைக் காரணம் என்று பெரும்பாலோர் எண்ணியிருந்தனர். 1996இல் கேரி மின்ட்சும் அவர்தம் குழுவினரும் சிகிச்சையின் போதும் சில மாதங்களுக்குப் பின்னும் எடுத்த மீயொலிப் படங்களை ஒப்பிட்டு வெளியிட்டனர். குறைந்துபோன வழியில் ஏறத்தாழ முக்கால் பங்கிற்குக் காரணம் திசுவளர்ச்சி அன்று. தமனியே காயம்பட்ட இடத்தில் உள்நோக்கிச் சுருங்கியதுதான் என்று அப்படங்கள் காட்டின. ஸ்டென்ட் தடுத்தது இந்தச் சுருக்கத்தைத்தான். ஸ்டென்ட்டிற்குள் நிகழ்ந்த மீள்சுருக்கத்திலோ திசுவளர்ச்சி பெரும்பங்கு வகித்தது. பெயர் ஒன்று, காரணம் இரண்டு. எனவே மருந்தும் இரண்டு.

இரண்டாவது திருத்தம் இத்தாலியின் மிலான் நகரிலிருந்து வந்தது. ஆஞ்சியோகிராமில் நன்கு விரிந்ததாகத் தெரிந்த ஸ்டென்ட்டுகளை அந்தோனியோ கொலம்போ மீயொலியால் உள்ளிருந்து பார்த்தார். பல ஸ்டென்ட்டுகள் முழுமையாக விரியாமலும், சில சுவரோடு ஒட்டாமலும் இருந்தன. கூடுதல் அழுத்தத்தில் பலூனை விரித்து அவற்றைச் சரிசெய்தார். அவ்வாறு செய்தால், உறைகட்டியைத் தடுப்பதற்காக அந்நாளில் கொடுக்கப்பட்ட கடுமையான மருந்துகள் தேவையில்லை என்பதை 1995இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். குறை வலையிலும் இல்லை, நோயாளியிடமும் இல்லை. விரியாத வலையை விரிந்ததாகக் காட்டிய நிழலில்தான் குறை இருந்தது.

மண்ணிலிருந்து வந்த மருந்து

வலைக்குள் திசு ஏன் வளர்கிறது? உலோகக் கம்பிகள் தமனிச் சுவரில் அழுந்தும்போது காயம் ஏற்படுகிறது. காயத்தை ஆற்றச் சுவரிலுள்ள மென்தசைச் செல்கள் பெருகுகின்றன. ஆற்றும் முயற்சி அளவு கடக்கும்போது அதுவே அடைப்பாகிவிடுகிறது.

இப்பெருக்கத்தை அடக்கிய மருந்து தொலைதூரத் தீவொன்றின் மண்ணிலிருந்து கிடைத்தது. 1964ஆம் ஆண்டு கனடாவிலிருந்து பசிபிக் கடலின் ஈஸ்டர் தீவிற்குச் சென்ற ஆய்வுக் குழு அங்கிருந்து மண் மாதிரிகளைக் கொண்டுவந்தது. மாண்ட்ரியல் நகர மருந்து ஆய்வகம் ஒன்றில் அம்மண்ணின் நுண்ணுயிரியிலிருந்து ஒரு புதிய பொருளைப் பிரித்தெடுத்தவர்களுள் முதன்மையானவர், பிரிக்கப்படாத இந்தியாவின் பஞ்சாபில் பிறந்த சுரேன் சேகல். தீவின் உள்ளூர்ப் பெயராகிய ‘ராப்பா நூயி’ என்பதை ஒட்டி அதற்கு ‘ராப்பாமைசின்’ என்று பெயரிட்டனர். 1980களில் அவ்வாய்வகம் மூடப்பட்டு ஆய்வு கைவிடப்பட்டபோது, சேகல் அந்நுண்ணுயிரியைத் தம் வீட்டு உறைபெட்டியில் பாதுகாத்து வைத்தார். பிறர் பயனில்லை என்று விட்டதை அவர் விடவில்லை.

1999ஆம் ஆண்டின் இறுதியில், பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரில் எடுவார்டோ சூசா அம்மருந்து பூசிய ஸ்டென்ட்டை மனிதர்க்கு முதன்முதலாகப் பொருத்தினார். நான்கு மாதங்களுக்குப் பின் மீயொலியால் உள்ளே பார்த்தபோது புதுத்திசு மிகச் சிறிதளவே வளர்ந்திருந்தது. 238 நோயாளிகளைக்கொண்டு நடைபெற்று 2002இல் வெளியான ராவெல் என்னும் ஆய்வில், ஆறு மாதங்களில் வெறும் உலோக ஸ்டென்ட் பெற்றோருள் 26.6 விழுக்காட்டினர்க்கு மீள்சுருக்கம் ஏற்பட்டிருந்தது. மருந்து பூசிய ஸ்டென்ட் பெற்றோருள் ஒருவருக்கும் ஏற்படவில்லை. அந்த ஸ்டென்ட் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற 2003ஆம் ஆண்டிலேயே சேகல் மறைந்தார்.

மீள்சுருக்கம் அத்தோடு ஒழிந்துவிடவில்லை. பின்வந்த ஆண்டுகளில் அது அரிதாயிற்று, ஆனால் மறையவில்லை. முழுமையாக விரியாத வலை, மருந்தையும் மீறி வளர்ந்த திசு, உடைந்த கம்பி, வலையின் ஓரத்தில் விடுபட்ட நோய், ஆண்டுகள் கழித்து வலைக்குள்ளேயே புதிதாகப் படியும் கொழுப்பு எனக் காரணங்கள் பல. அவற்றை நுணுகிக் காண ஒலியைவிடக் கூர்மையான கருவி தேவைப்பட்டது. 1991இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் உருவான ஓ.சி.டி. என்னும் ஒளிவெட்டுப் படிமமுறை அத்தேவையை நிறைவுசெய்தது. கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தி, திரும்பும் ஒளியைக்கொண்டு அது படம் வரைகிறது. மீயொலி ஒரு மி.மீ.யின் பத்தில் ஒரு பங்கு அளவுள்ளவற்றைப் பிரித்தறியும் என்றால், இவ்வொளி அதனினும் ஏறத்தாழப் பத்து மடங்கு நுண்மையானவற்றைக் காட்டும். வலையின் ஒவ்வொரு கம்பியின் மீதும் மெல்லிய படலம் மூடியிருக்கிறதா என்பதையும் காணலாம். ஆனால் ஒளி குருதியை ஊடுருவாது. ஆகவே படமெடுக்கும் சில நொடிகள் சாயத்தைச் செலுத்திக் குருதியை விலக்க வேண்டும். ஒலியோ சுவரின் ஆழம் வரை செல்லும்; சாயமும் வேண்டாம். ஒன்று சுத்தியல், மற்றொன்று விளக்கு. குகைக்குள் செல்பவர்க்கு இரண்டும் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

• ஏவுகணை அறிவியலாளர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம், இதய மருத்துவர் சோம ராஜு ஆகியோரின் கூட்டுமுயற்சியால் 1990களில் குறைந்த செலவிலான ‘கலாம்-ராஜு ஸ்டென்ட்’ உருவாக்கப்பட்டது.

• 2017 பிப்ரவரியில் இந்திய அரசு ஸ்டென்ட்டுகளுக்கு உச்சவிலை நிர்ணயித்தது. வெறும் உலோக ஸ்டென்ட்டிற்கு 7,260 ரூபாய். மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய். அதற்குமுன் மருந்து பூசிய ஸ்டென்ட்டுகள் ஒரு லட்சம் ரூபாய்க்கும் அதிகமான விலையில் விற்கப்பட்டன.

• சிக்கலான அடைப்புகளுக்கு ஸ்டென்ட் பொருத்தும்போது, தமனிக்குள்ளிருந்து படமெடுத்து வழிநடத்துவதை 2024ஆம் ஆண்டின் ஐரோப்பிய இதயவியல் கழக நெறிமுறைகள் மிக உயர்ந்த நிலையில் பரிந்துரைக்கின்றன.

அந்தக் காலை

கோயம்புத்தூர் மருத்துவமனையின் இதய மருத்துவர் ஓர் அம்மையார். முதியவரின் பழைய படங்களை நெடுநேரம் பார்த்தார். “ஐயா, முன்பு பொருத்திய படத்தில் எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் படம் சொல்வதை மட்டும் நம்பி இன்னொரு ஸ்டென்ட்டை வைக்க எனக்கு விருப்பமில்லை. முதலில் உள்ளே போய்ப் பார்ப்போம்” என்றார்.

முதியவர் நிமிர்ந்து பார்த்தார். “தட்டிப் பார்ப்பீர்களா அம்மா?”

அம்மையாருக்கு விளங்கவில்லை. பேத்திதான் தாத்தாவின் சுத்தியலையும் விளக்கையும் பற்றிச் சொன்னாள். மருத்துவர் சிரித்துவிட்டார். “விளக்கும் எங்களிடம் உண்டு. ஆனால் அதற்குச் சாயம் கூடுதலாகச் செலுத்த வேண்டும். உங்கள் சிறுநீரகம் சற்றுத் தளர்ந்திருக்கிறது. ஆகவே இன்றைக்குச் சுத்தியலே போதும்.”

மணிக்கட்டின் தமனி வழியே நுண்குழாய் சென்றது. மயக்கமருந்து கொடுக்கவில்லை, மணிக்கட்டு மட்டுமே மரத்திருந்தது. திரையை அவர் காணும்படி திருப்பி வைத்தனர். கருப்பும் வெண்மையுமாக வளையங்கள் தோன்றி நகர்ந்தன. தம் நெஞ்சின் உட்புறத்தைத் தாமே பார்த்துக்கொண்டு அவர் படுத்திருந்தார். வட்டமான வழி; மீண்டும் வட்டம்; அதைச் சுற்றி ஒளிரும் புள்ளிகள். திடீரென அவ்வட்டம் ஒருபுறம் நசுங்கி நீண்டது. புள்ளிகளுக்குப் பின்னால் வெண்மையான வில் ஒன்று பளிச்சிட்டது; அதற்கப்பால் இருள்.

“பாறை” என்றார் முதியவர்.

“ஆம் ஐயா. கால்சியம். சுவரின் பெரும்பகுதியைச் சுற்றிக் கல்லாக இறுகியிருக்கிறது. இவ்விடத்தில் ஸ்டென்ட்டால் விரிய முடியவில்லை. மேலும் கீழும் வழி ஏழு சதுர மில்லிமீட்டர், இங்கே மூன்றுதான். அதன்மேல் சிறிது திசு வளர்ந்ததும் வழி அடைபட்டுவிட்டது.” சற்று நிறுத்தி அவர் சொன்னார்: “நீங்கள் மாத்திரையை விடவில்லை. உங்கள் மீது தவறில்லை.”

முதியவரின் கண்ணோரம் நீர் வழிந்தது. வலிக்கிறதோ என்று செவிலியர் கேட்டார். அவர் தலையசைத்து மறுத்தார்.

காரணம் தெரிந்தபின் வழியும் தெளிவாயிற்று. விரியாத ஒரு வலைக்குள் மற்றொரு வலையை வைத்திருந்தால், இருந்த சிறு வழியும் குறுகியிருக்கும். மருத்துவர் மிகுந்த அழுத்தம் தாங்கும் கெட்டியான பலூனைச் செலுத்திப் படிப்படியாக விரித்தார். பின்னர் மருந்து பூசிய பலூன் ஒன்றைச் சிறிது நேரம் விரித்து வைத்து, மருந்தைச் சுவரில் படியச் செய்தார். அத்தோடு நிறுத்தவில்லை, மீண்டும் ஒலிக்குழாயைச் செலுத்தித் தாம் செய்ததைத் தாமே சோதித்தார். நசுங்கிய வட்டம் நிமிர்ந்திருந்தது. பரப்பு ஆறு சதுர மி.மீ.க்கு மேல் உயர்ந்திருந்தது.

வேலை முடிந்ததும் மறுபடியும் ஒருமுறை தட்டிப் பார்ப்பது கீமேனின் வழக்கம். அதை அந்த அம்மையாரும் செய்ததைக் கண்டபோதுதான் தமக்கு முழு நம்பிக்கை பிறந்தது என்று முதியவர் பின்னர் பேத்தியிடம் கூறினார்.

காரணம் அறிதல்

இக்கருவிகள் இன்னும் எல்லா நோயாளிகளுக்கும் எட்டிவிடவில்லை. ஒவ்வொரு முறைக்கும் புதிய குழாய் வேண்டும்; அதன் விலை பெரிது; படத்தைப் படித்தறியப் பயிற்சியும் வேண்டும். மலையிலிருந்து இறங்கி வரும் எளியவர் ஒவ்வொருவருக்கும் இவ்வாய்ப்புக் கிடைப்பது, அறிவியல் வளர்ந்தால் மட்டும் நிகழ்ந்துவிடாது. அரசும் சமூகமும் அதனை உரிமையாகக் கருத வேண்டும். இன்று வகுப்பறையில் அமர்ந்திருப்போருள் சிலர் நாளை அக்குழாயை மலிவாகச் செய்யும் பொறியாளராகவும், அப்படத்தைப் படிக்கும் மருத்துவராகவும் ஆகக்கூடும்.

மீள்சுருக்கத்தின் வரலாறு மருத்துவர்க்கு மட்டும் உரிய பாடமன்று. ஒரு செயல் இரண்டாம் முறையும் தோற்கும்போது, அதே செயலை இன்னும் வலிந்து செய்யவோ, யார் மீதேனும் பழி சுமத்தவோ மனம் விரைகிறது. போம் முதல் கொலம்போ வரை அறிஞர்கள் அவ்விரைவைத் தடுத்து, ‘உள்ளே என்ன இருக்கிறது?’ என்று கேட்டனர். அக்கேள்வி மருந்தை மாற்றியது, பழியையும் நீக்கியது.

இரண்டு மாதங்களுக்குப் பின் ஒரு காலை. மழை விட்டிருந்தது. முதியவர் படிகளை ஏறிச் சாலைக்கு வந்தார். ஒருமுறை நின்றார், வலியால் அன்று, கீழே வண்டி வரும் ஓசையைக் கேட்பதற்காக. அண்டை வீட்டார் எதிரே வந்து, “இப்போது எப்படி இருக்கிறது?” என்று கேட்டார்.

“நன்றாக இருக்கிறது. உள்ளே ஒரு பாறை இருந்தது. பார்த்துவிட்டார்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டு, முதியவர் பால் வாங்க நடந்தார்.

கற்பவை கற்றபின்

1. ‘பெயர் ஒன்று, காரணம் இரண்டு’ என்னும் தொடரைக் கட்டுரையின் கருத்தோடு பொருத்தி விளக்குக.

2. கீமேனின் சுத்தியலும் விளக்கும் எவ்வெம்மருத்துவக் கருவிகளுக்கு ஒப்பாகின்றன? ஒப்புமை பொருந்தும் இடங்களையும் பொருந்தா இடங்களையும் எழுதுக.

3. உங்கள் பகுதியில் பட்டறிவால் தொழில்நுட்பம் அறிந்த தொழிலாளர் ஒருவரைச் சந்தித்து, குறையின் காரணத்தை அவர் கண்டறியும் முறையை ஒரு பக்க அளவில் எழுதி வகுப்பறையில் படிக்க.